எடைக்கல் இல்லாத தராசு: உளவியல் சோதனையின் மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

உளவியல் சோதனையைப் பயன்படுத்திய எந்த ஆய்வறிக்கையைப் புரட்டினாலும், ஆலோசகர் தரும் எந்த முடிவுத்தாளைப் பார்த்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் தென்படும்: "இது நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் நிறுவப்பட்ட சோதனை." அதைப் படித்ததும் நாமும் மேற்கொண்டு கேட்காமல் மதிப்பெண்ணுக்குத் தாவிவிடுகிறோம். என் வாதம் ஒன்றுதான்: அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. யாரிடம் நிறுவப்பட்டது, எந்த வேலைக்காக நிறுவப்பட்டது என்ற இரண்டும் சேராதவரை அதற்குப் பொருள் இல்லை. நம்பகத்தன்மை என்பது வினாத்தாளோடு ஒட்டிப் பிறந்த குணம் அல்ல. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தார் அதை எழுதியபோது கிடைத்த மதிப்பெண்களின் குணம். ஏற்புடைமையோ, அந்த மதிப்பெண்ணை வைத்து நாம் எடுக்கும் முடிவின் குணம்.

பாடப்புத்தகங்கள் இவ்விரண்டையும் விளக்கத் தராசைக் கொண்டுவரும். ஒவ்வொரு முறையும் ஐந்து கிலோ கூட்டியே காட்டும் தராசு மாறாமல் காட்டுகிறது, அதனால் நம்பகமானது. ஆனால் தப்பாகக் காட்டுகிறது. அதனால் ஏற்புடையது அல்ல. உவமை சரிதான். ஆனால் முக்கியமான இடத்தில் கைவிட்டுவிடுகிறது. தராசு தப்பு என்று கண்டுபிடிக்க நம் கையில் எடைக்கல் இருக்கிறது. பதற்றத்துக்கு எடைக்கல் எது? மனச்சோர்வுக்கு எது? அப்படி ஒன்று இருந்திருந்தால் சோதனையே தேவைப்பட்டிருக்காது. கல் இல்லாமலே தராசைச் சரிபார்ப்பது எப்படி என்றுதான் இந்தத் துறை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

பிழை எங்கிருந்து வருகிறது?

அடித்தளம் போட்டவர் சார்லஸ் ஸ்பியர்மேன். 1904-இல் வெளியான அவருடைய கட்டுரைகளிலிருந்து வளர்ந்த சிந்தனை இது: ஒருவர் பெற்ற மதிப்பெண்ணில் உண்மை மதிப்பு ஒரு பங்கு, பிழை ஒரு பங்கு. பிழை என்றால் இங்கே யாரோ செய்த தவறு என்று பொருள் இல்லை. முந்தைய இரவு தூக்கம் கெட்டது, ஒரு கேள்வி புரியவில்லை, ஊகித்து எழுதிய விடை பலித்துவிட்டது, திருத்தியவர் சற்றுத் தாராளமானவர். இப்படிச் சேரும் கூடுதல் குறைவுகள். ஒரு கூட்டத்தாரின் மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் உண்மையான வேறுபாடு எத்தனை பங்கு என்பதைச் சொல்வதே நம்பகத்தன்மைக் கெழு. 0.80 என்றால் ஐந்தில் நான்கு பங்கு உண்மை வேறுபாடு, ஒரு பங்கு இரைச்சல்.

இதை அறிய மறுசோதனை (அதே சோதனையை அதே ஆட்களுக்கு மீண்டும் நடத்துவது), இணைச் சோதனை (அதே தரத்தில் வேறு கேள்விகளோடு இன்னொன்று), இரு பாதி முறை (கேள்விகளை இரண்டு பாதியாக்கி ஒப்பிடுவது), திருத்துவோர் ஒப்பீடு (இருவர் தனித்தனியே தரும் முடிவுகளை ஒப்பிடுவது) என்று பல வழிகள் உண்டு. அவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்று என நினைப்பதுதான் பொதுவான தவறு. மறுசோதனை நாளுக்கு நாள் நேரும் மாற்றத்தைப் பிடிக்கும். இரு பாதி முறைக்கு அது கண்ணிலேயே படாது. கேள்விக்குக் கேள்வி உள்ள முரணைத்தான் அது காட்டும். அளக்கும் பொருளும் இதில் குறுக்கிடுகிறது. நுண்ணறிவுச் சோதனையின் முடிவு இரண்டு வாரத்தில் பெரிதாக மாறினால் சோதனையைச் சந்தேகிக்கலாம். அந்தந்த நேரத்து மனநிலையை அளக்கும் சோதனை இரண்டு வாரம் கழித்தும் அதே எண்ணைக் காட்டினால், அப்போதும் சோதனையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

திருத்துவோர் ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. நூறு பேரை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்க்கிறார்கள். 90 பேர் விஷயத்தில் இருவர் முடிவும் ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவருமே நூற்றில் 90 பேருக்கு "கோளாறு இல்லை" என்று சொல்பவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் 82 பேர் விஷயத்தில் ஒத்துப்போயிருப்பார்கள். தற்செயலாக நேரும் இந்த ஒப்புதலைக் கழித்துப் பார்க்க ஜேகப் கோஹன் 1960-இல் தந்த கெழு கப்பா. அதன்படி இந்த இருவரின் ஒப்புதல் 0.44 மட்டுமே.

ஆல்ஃபா என்ற எண்

இன்று எந்தக் கட்டுரையிலும் நம்பகத்தன்மை என்ற தலைப்பின் கீழ் இருப்பது பெரும்பாலும் ஒரே எண்: க்ரோன்பாக் ஆல்ஃபா. ஒரு சோதனையின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதிலிருந்து கணக்கிடும் நம்பகத்தன்மை அது. லீ க்ரோன்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் பரவியது. அதே சூத்திரத்தை லூயி குட்மேன் 1945-லேயே வேறு பெயரில் தந்திருந்தார். இது இவ்வளவு பிரபலமானதற்குக் காரணம் எளிது. ஒரே ஒரு முறை சோதனை நடத்தினால் போதும். மறுசோதனைக்கு அதே ஆட்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, இணைச் சோதனை தயாரிக்க வேண்டியதில்லை, கணினி ஒரு நொடியில் எண்ணைத் தந்துவிடும்.

அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. ஆல்ஃபா உயர்ந்திருந்தால் கேள்விகள் எல்லாம் ஒரே பண்பை அளக்கின்றன என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி அல்ல. கேள்விகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றொன்றும் எவ்வளவு சேர்ந்து கூடுகிறது என்ற அளவு; 0 என்றால் உறவே இல்லை, 1 என்றால் முழு உறவு) வெறும் 0.10 என்று வைத்துக்கொள்வோம். அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்லுமளவுக்குப் பலவீனமான உறவு அது. இருந்தும் அப்படிப்பட்ட 40 கேள்விகளை அடுக்கினால் ஆல்ஃபா 0.82 வந்துவிடும். சராசரி ஒட்டுறவு 0.30 உள்ள ஐந்து கேள்விகளுக்கு ஆல்ஃபா 0.68 மட்டுமே. அதே தரத்தில் கேள்விகளை இருபதாக்கினால் 0.90. எண்ணிக்கையைக் கூட்டியே எண்ணை ஏற்றலாம். இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: "எனக்குக் கவலை அதிகம்", "நான் அதிகம் கவலைப்படுகிறேன்", "கவலை என்னை விடுவதில்லை" என்று ஒரே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்டால் ஆல்ஃபா 0.95-ஐத் தாண்டும். பதற்றத்தின் ஒரு மூலையை மட்டும் திரும்பத் திரும்பத் தொட்ட சோதனை அது. ஆல்ஃபா மிக உயரமாக இருந்தால் நான் மகிழ்வதற்கு முன் கேள்விகளைப் படித்துப் பார்ப்பேன்.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதிலும் ஒரு சோகம் உண்டு. ஜம் நன்னலியின் 1978 நூலைச் சுட்டி "0.70 போதுமானது" என்று ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் 0.70-ஐச் சொன்னது ஆய்வின் தொடக்க நிலைக்கு. ஒரு தனிமனிதரைப் பற்றி முக்கியமான முடிவெடுக்கும் இடத்தில் 0.90 குறைந்தபட்சம், 0.95 விரும்பத்தக்கது என்று அங்கேயே எழுதியிருக்கிறார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். க்ரோன்பாக்கும் தம் இறுதிக் காலத்தில், தம் பெயர் தாங்கிய அந்தச் சூத்திரம் நம்பகத்தன்மையின் ஒரு சிறு பகுதியைத்தான் காட்டும் என்றும், அளவீட்டின் திட்டப்பிழையே (ஒருவரின் மதிப்பெண் பிழையால் எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்ற அளவே) ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டிய மிக முக்கியமான தகவல் என்றும் கருதினார். அந்தக் கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 2004-இல் வெளியானது.

71-க்கும் 70-க்கும் நடுவில் ஓர் உயிர்

திட்டப்பிழை என்றதும் கணிதப் பாடம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம்பகத்தன்மைக் கெழு ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. திட்டப்பிழை எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. கணக்கும் சுலபம்: ஒன்றிலிருந்து நம்பகத்தன்மையைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, திட்டவிலக்கத்தால், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவிக் கிடக்கும் அளவால், பெருக்க வேண்டும். நுண்ணறிவுச் சோதனையின் திட்டவிலக்கம் 15, நம்பகத்தன்மை 0.91 என்றால் திட்டப்பிழை 4.5. 95 சதவீத உறுதியோடு பேச வேண்டுமானால் இருபுறமும் சுமார் 9 புள்ளிகள். இத்தனைக்கும் 0.91 நல்ல நம்பகத்தன்மை.

இந்தக் கணக்கு ஒரு மரண தண்டனையின் நடுவே வந்து நின்றது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. ஃபுளோரிடா மாநிலம் அதற்கு ஓர் எல்லை வைத்திருந்தது: நுண்ணறிவு ஈவு 70 அல்லது அதற்குக் கீழ். ஃபிரெடி லீ ஹால் என்ற கைதியின் மதிப்பெண் 71. ஒரு புள்ளி கூடிப்போனதால், குறைபாட்டுக்கான மற்றச் சான்றுகளைப் பார்க்கவே மாநில நீதிமன்றங்கள் மறுத்தன. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அந்தக் கறாரான எல்லையைத் தள்ளுபடி செய்தது. 71 என்பது 66-இலிருந்து 76 வரை உள்ள ஒரு வரம்பு என்று தீர்ப்பில் திட்டப்பிழையை விளக்கியே எழுதினார்கள் (மேலே நாம் கணக்கிட்டதைவிடச் சிறிய திட்டப்பிழை அது). சோதனையை உருவாக்கியவர்களே ஒப்புக்கொள்ளும் பிழையைச் சட்டம் ஒப்புக்கொள்ள மறுக்கலாகாது என்பதே அதன் சாரம். 2016-இல் ஹாலின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும், ஒற்றை எண்ணை மட்டும் அச்சிட்டு வரம்பு தராத முடிவுத்தாள்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவை அளவீட்டின் அடிப்படை நேர்மையில் தவறியவை என்பதே என் எண்ணம்.

வகைகளாகப் பிரிக்கும் சோதனைகளில் இதே சிக்கல் வேறு முகம் காட்டும். மயர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமை வினாத்தாள் மனிதர்களை நான்கு எழுத்துகள் கொண்ட 16 வகைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் எதிரெதிரான இரண்டு முனைகளில் ஒன்றைக் குறிக்கும். சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் பாதிப்பேர் வரை வேறு வகைக்கு மாறிவிடுவதாக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இதில் மர்மம் இல்லை. பெரும்பாலோர் இரண்டு முனைகளுக்கும் நடுவே, கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். சிறு பிழை போதும், கோட்டைத் தாண்ட. ஒவ்வோர் எழுத்தும் 85 சதவீத வாய்ப்போடு நிலைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், நான்கும் சேர்ந்து நிலைக்கும் வாய்ப்பு 52 சதவீதம்.

நம்பகத்தன்மையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஸ்ட்ரூப் சோதனை. "சிவப்பு" என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் தடுமாறுவார்கள், நேரம் கூடும். உளவியலில் இதைவிட உறுதியாகத் திரும்பத் திரும்பக் கிடைக்கும் விளைவு அரிது. அப்படியென்றால் ஆட்களை ஒப்பிடவும் இது நல்ல கருவியாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. கிரெய்க் ஹெட்ஜும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் இதையும் இதுபோன்ற வேறு சோதனைகளையும் மூன்று வார இடைவெளியில் இருமுறை நடத்திப் பார்த்தபோது, பல அளவுகளின் மறுசோதனை நம்பகத்தன்மை எதிர்பார்த்ததைவிட மிகத் தாழ்ந்திருந்தது. காரணம் அந்த விளைவின் உறுதியிலேயே இருக்கிறது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு தடுமாறுவதால்தான் விளைவு அத்தனை உறுதியாகக் கிடைக்கிறது. ஆளுக்கு ஆள் வேறுபாடே இல்லாத இடத்தில் யார் அதிகம், யார் குறைவு என்று எதைக் கொண்டு பிரிப்பது? போதாததற்கு, இங்கே மதிப்பெண் என்பது இரண்டு நேரங்களின் வித்தியாசம். கழித்தல் நம்பகத்தன்மையைக் கரைக்கும்: தலா 0.80 நம்பகத்தன்மையும், தமக்குள் 0.60 ஒட்டுறவும் உள்ள இரண்டு அளவுகளின் வித்தியாசத்துக்கு நம்பகத்தன்மை 0.50 ஆகிவிடும். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று கழித்துப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு இது.

எதை அளக்கிறோம்?

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை நடத்தினார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவுக் குறிப்பைக் கொடுத்து, அது தம்மை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்துத் தொகுத்தது. "என்னை அப்படியே சொல்லிவிட்டது" என்ற வியப்பு ஏற்புடைமைக்குச் சான்று ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான செயல்விளக்கம் நான் அறிந்ததில்லை. இணையத்தில் ஒருவர் தம் ஆளுமை முடிவைப் பகிர்ந்து வியக்கும்போதெல்லாம் அந்த 39 பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

பிறகு எது சான்று? சில நேரங்களில் வெளியே ஒரு அளவுகோல் கிடைக்கும். சோதனை வைத்து வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் பின்னாளில் அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று ஒப்பிடலாம். ஆனால் ஸ்பியர்மேன் காட்டியபடி, இரண்டு அளவுகளும் பிழை சுமந்தவை என்றால் அவற்றின் ஒட்டுறவு உண்மையைவிடக் குறைந்தே தெரியும். நம்பகத்தன்மை இல்லாத அளவு வேறு எதோடும் வலுவாகச் சேராது. நம்பகத்தன்மை ஏற்புடைமைக்குக் கூரை போடுகிறது என்பது இதைத்தான். கூரை உயரமாக இருப்பதாலேயே உள்ளே ஆள் இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

வெளி அளவுகோலே கிடைக்காத பண்புகளுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு க்ரோன்பாக்கும் பால் மீலும் 1955-இல் விடை சொன்னார்கள். பதற்றம் பற்றி நமக்கு ஒரு கோட்பாடு இருக்கிறது: அது எதனால் கூடும், எதனால் தணியும், எதோடு சேர்ந்து வரும், எதோடு வராது என்று. சோதனை மதிப்பெண்கள் அந்தக் கோட்பாடு சொன்னபடியெல்லாம் நடந்துகொள்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார். ஒற்றை எடைக்கல்லுக்குப் பதிலாகப் பல பக்கமும் கட்டிய கயிறுகளின் பின்னல். நான்கு ஆண்டுகள் கழித்து டொனால்ட் காம்ப்பெலும் டொனால்ட் ஃபிஸ்கும் அதில் ஒரு கடினமான நிபந்தனையைச் சேர்த்தார்கள். சேர வேண்டியதோடு சேர்ந்தால் மட்டும் போதாது. சேரக்கூடாததிலிருந்து விலகியும் நிற்க வேண்டும். ஒரே ஆள் ஒரே வகை வினாத்தாளில் தம்மைப் பற்றித் தாமே நிரப்பிய இரண்டு மதிப்பெண்கள் ஒத்துப்போவது, பண்பு ஒன்று என்பதாலா, நிரப்பும் முறை ஒன்று என்பதாலா?

இந்த இரண்டாம் நிபந்தனையைத்தான் புதிய சோதனைகள் தவிர்க்கப் பார்க்கின்றன. பெயர் வேறாக இருப்பதால் பொருளும் வேறு என்று நம்பும் மயக்கத்தை ட்ரூமன் கெல்லி 1927-லேயே எச்சரித்தார். சமீபத்திய உதாரணம், விடாமுயற்சியை அளப்பதாகச் சொல்லிப் பெரும் புகழ் பெற்ற 'கிரிட்' அளவுகோல். மார்கஸ் கிரெடேவும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் 88 மாதிரிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பழைய பண்பான கடமையுணர்வோடு அதன் ஒட்டுறவு 0.84. புதிதாக எதையோ அளக்கிறோம் என்ற உரிமைகோரல் அந்த எண்ணுக்கு முன் நிற்பது கடினம்.

நல்ல சோதனையும் தவறான வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு, மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளைப் பார்க்கலாம். கடந்த இரண்டு வாரத்து நிலையைக் கேட்கும் ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், எல்லை 10. 2001-இல் வெளியான முதல் ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதத்தினரை அது பிடித்தது. இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விட்டது. இப்போது ஆயிரம் பேருக்குக் கொடுக்கிறோம். அவர்களில் நூறு பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு பேரில் 88 பேர் சரியாக மாட்டுவார்கள். மீதி 900 பேரில் 12 சதவீதம், அதாவது 108 பேர், தவறாக மாட்டுவார்கள். எல்லையைத் தாண்டிய 196 பேரில் உண்மையில் நோய் உள்ளவர் பாதிக்கும் குறைவு. வினாத்தாளில் குறை இல்லை. யாரிடம் மேலும் பேசிப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்கு அது ஏற்புடையது. அந்த எண்ணை வைத்தே நோய் என்று தீர்மானிப்பதற்கு ஏற்புடையது அல்ல. ஒரே தாள், ஒரே மதிப்பெண், இரண்டு வேறு விடைகள்.

யாருக்காகச் செய்த சோதனை?

முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைக்குச் சேர்ந்த சுமார் 17 லட்சம் பேருக்கு ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் நுண்ணறிவுச் சோதனை நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்கும் படங்களாலான தனிச் சோதனை. படத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று வரைய வேண்டும். ஒன்றில் டென்னிஸ் மைதானம், வலை இல்லை. இன்னொன்றில் கிராமஃபோன், குழல் இல்லை. டென்னிஸையே பார்த்திராத ஏழைக் குடியேறி வலையை வரையாமல் விட்டால், அது நுண்ணறிவின் குறையா? இந்த மதிப்பெண்களை வைத்துக் கார்ல் பிரிகம் 1923-இல் ஐரோப்பிய இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தினார். 1930-இல் அவரே முன்வந்து, மொழியும் சூழலும் வேறுபட்ட கூட்டங்களை இப்படி ஒப்பிட முடியாது, தம் முடிவுகளுக்கு அடித்தளம் இல்லை என்று எழுதித் திரும்பப் பெற்றார். அறிவியலில் அரிதான நேர்மை அது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அந்த வரிசை போக வேண்டிய இடமெல்லாம் போய்விட்டிருந்தது. மதிப்பெண் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் ஏற்புடைமையின் பகுதியாகப் பார்க்க வேண்டும் என்று சாமுவேல் மெசிக் 1989-இல் வாதிட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வரலாறு இருக்கிறது.

மொழிபெயர்த்த சோதனைகளில் இந்த ஆபத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் ஓர் அமெரிக்க வினாத்தாள் சோகத்தை நீல நிறத்தின் பெயரால் கேட்கிறது. தமிழில் சோகத்துக்கு நிறம் இல்லை, பாரம்தான் உண்டு, அதுவும் நெஞ்சில். சொல்லை மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய கேள்வி மூலக் கேள்வியைப் போலவே அதே அளவு துயரத்தில் "ஆம்" என்ற விடையைப் பெறுகிறதா என்று தரவு கொண்டு பார்க்காதவரை, இரண்டு மொழிகளின் மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் உரிமை நமக்கு இல்லை. மூலச் சோதனையின் ஆல்ஃபாவை அப்படியே எடுத்து மொழிபெயர்ப்புக்குச் சூட்டுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை நம் பிள்ளையினுடையது என்று காட்டுவதற்கு ஒப்பானது அது.

ஒருவரின் மதிப்பெண்ணை யாருடைய மதிப்பெண்களோடு ஒப்பிடுகிறோமோ அந்த ஒப்பீட்டுக் குழு எவ்வளவு பழையது என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 1932 முதல் 1978 வரை சராசரி நுண்ணறிவு மதிப்பெண் கிட்டத்தட்ட 14 புள்ளி உயர்ந்திருந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் காட்டினார். பழைய குழுவோடு ஒப்பிட்டால் இன்றைய சராசரி மனிதரும் புத்திசாலியாகத் தெரிவார். உதவி தேவைப்படும் ஒருவர் எல்லைக்கு மேலே போய்விடுவார்.

ஆகவே ஒரு சோதனையின் கையேட்டைத் திறந்தால் நான் ஆல்ஃபாவைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் ஒப்பீட்டுக் குழு: யார், எத்தனை பேர், எந்த ஆண்டு, எந்த மொழி. அடுத்து, நான் எடுக்கப்போகும் முடிவுக்குச் சான்று இருக்கிறதா, அல்லது வேறு முடிவுக்கான சான்றை எனக்குக் கடன் தருகிறார்களா என்று. பிறகு திட்டப்பிழை, அதிலும் எல்லைக்கோட்டின் அருகே எவ்வளவு என்று. சோதனையை விற்பவர் அல்லாத யாராவது அதை ஆராய்ந்திருக்கிறார்களா என்றும் தேடுவேன். இவை எதுவும் இல்லாத கையேடு எத்தனை அழகாக அச்சாகியிருந்தாலும், அதை வைத்து ஒருவரின் படிப்பையோ வேலையையோ சிகிச்சையையோ முடிவு செய்யச் சம்மதிக்கமாட்டேன்.

சோதனை எழுதியவர் கையில் கிடைக்கும் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், நான்கு வரி போதும்: "உங்கள் மதிப்பெண் 71. அளவீட்டுப் பிழையைக் கணக்கில் கொண்டால் இது 66-க்கும் 76-க்கும் இடையில் இருக்கலாம். உங்கள் தாய்மொழியில் இந்தச் சோதனைக்கு ஒப்பீட்டுக் குழு இன்னும் இல்லை. எனவே உங்களோடு நடந்த நேர்காணலையும் உங்கள் அன்றாடச் செயல்பாட்டையும் சேர்த்துப் பார்த்தே கீழ்க்காணும் பரிந்துரை தரப்படுகிறது."